தேதி வெட்டாத கல்

உள்ள தள்ளி ஒக்காருங்க தம்பி, சாரல் அடிக்கு. எனக்கா? நான் இங்கன வெளியவே நின்னுக்கிடுதேன். குடை இருக்கு. ஒரு கம்பி மடங்கிட்டு, அம்புட்டுதான். உள்ள வாங்கன்னு கூப்பிடாதிய, கூப்பிட்டாலும் வரமாட்டேன். மழைக்குப் பயந்து ஒதுங்குத ஆளு இல்ல இந்த சொரிமுத்து.

ஆலடிப்பட்டிக்குப் போகணுமா? அப்ப மூணு மணி வண்டிதான். எப்பமும் லேட்டுதான் வரும். நானும் அதுக்குத்தான் நிக்கேன். ஏறுததுக்கு இல்ல, ஒருத்தர எறக்குததுக்கு. அண்ணாச்சி அதுல வாராக.

எந்த அண்ணாச்சியா? வெளியூர் ஆளு, அதான் கேக்கிய. பையில மோட்டார் கம்பெனி பேரு போட்டிருக்கு, நான் அப்பவே பாத்துட்டேன். இந்தத் தொகுதியில அண்ணாச்சின்னா ஒரே ஆளுதான் தம்பி. தளவாய்ப்பாண்டியன் அண்ணாச்சி. அஞ்சு தடவ எம்மெல்லே. இருபத்தஞ்சு வருசம் அந்த நாக்காலி வேற ஆளப் பாத்ததில்ல. இந்த சித்திரையில தோத்துட்டாக. நான் அவுக உதவியாளர். இருந்தேன்னு சொல்லல, இருக்கேன்னுதான் சொல்லுதேன். பதவி இன்னைக்குப் போகும், நாளைக்கு வரும். உதவியாளரு போவானா?

ஏன் மழையில நிக்கான் இந்தக் கிழவன்னு பாக்கிய. சொல்லுதேன். இந்த நிழற்குடைய இன்னும் தெறக்கல.

சிரிக்காதிய. மூணு பக்கம் சுவரு இருக்கு, மேல கூரை இருக்கு, நீங்க ஒக்காந்திருக்கிய, அந்த மூலையில ஆடு படுத்து அசைபோடுது, எல்லாம் எனக்கும் கண்ணு தெரியுது. ஆனா தெறக்கல. ஒங்க தலைக்குப் பின்னால சுவத்துல மஞ்சத்துணி தொங்குதுல்லா, அதுக்குப் பொறத்தால இருக்கது கல்வெட்டு. தொடாதிய தம்பி! அண்ணாச்சி கைதான் படணும் அதுல. பழைய துணி வெளுத்துப்போச்சுன்னு போன வாரந்தான் நானே வந்து புதுசு மாட்டினேன். கல்லுல எல்லாம் வெட்டியாச்சு. அண்ணாச்சி பேரு, பேருக்கு முன்னால போடுத பட்டம், 'அவர்களால் திறந்து வைக்கப்பட்டது' எல்லாம் பொடி எழுத்துல அழகா இருக்கு. தேதி மட்டும் வெட்டல. அதுக்கு எடம் விட்டு வச்சிருக்கேன்.

தேதி குடுக்கது என் வேல தம்பி. இதக் கொஞ்சம் விளக்கிச் சொல்லணும். மனு குடுக்கணும்னா அண்ணாச்சிகிட்டயே நேராக் குடுக்கலாம். அத வாங்கி மடிச்சு சட்டப் பையில வச்சுக்கிடுவாக. ஆனா அண்ணாச்சி ஒரு எடத்துக்கு வரணும்னா, கல்யாணமோ, காதுகுத்தோ, புதுவீட்டுப் பால்காய்ப்போ, பள்ளிக்கூடக் கட்டடமோ, தண்ணித் தொட்டியோ, எதுவானாலும் எங்கிட்ட வந்து தேதி வாங்கணும். பெரிய பெரிய காண்ட்ராக்டரு எல்லாம் வாசல்ல செருப்பக் கழட்டிப் போட்டுட்டு 'சொரிமுத்தண்ணே, ஒரு தேதி'ன்னு நிப்பான். நான் பஞ்சாங்கத்தப் பாப்பேன். மேல பாப்பேன். 'அடுத்த வாரம் வா'ம்பேன். அந்த ஒரு சொல்லுக்குத் தம்பி, ஒரு மரியாத இருந்துச்சு.

மொதல்ல இப்படி இல்ல. மொத தடவ அண்ணாச்சி ஜெயிச்சப்ப ஒரு ஒழுங்கு கெடையாது. ஒரு பழைய ராஜ்தூத் வண்டி. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு அவுகளே ஓட்டிட்டுப் போவாக, நான் பின்னால தொத்திக்கிடுவேன். ஒரு நாள் வெள்ளன இதே செவக்காட்டுக்கு வாரோம். ஊர்ப் பொதுவுல அடிபம்பு புதுசா மாட்டிக்கிட்டிருக்கான். இந்த ஊர்ல முண்டசாமின்னு ஒருத்தன், மொத எலக்சன்ல அண்ணாச்சியத் தோள்ல தூக்கிக்கிட்டு ஊரைச் சுத்துனவன், அவந்தான் கூடமாட நின்னு திருகு முடுக்கிட்டிருந்தான். அண்ணாச்சி வண்டிய நிறுத்துனாக. பம்ப நாலு அடி அடிச்சாக. கையில ஏந்திக் குடிச்சாக. 'நல்ல தண்ணிடே முண்டசாமி. வாங்க தாயீ, கொடத்த வையிங்க'ன்னு சொல்லி அவுகளே அடிச்சு நாலு பொம்பளைகளுக்குக் கொடம் நெறச்சாக. அம்புட்டுதான் தொறப்பு விழா. முடிஞ்சிட்டு! வண்டிய எடுத்துட்டு வந்துட்டோம்.

எனக்கு அழுகையே வந்துட்டு தம்பி. ஒரு மாலை உண்டா? ஒரு மைக்கு உண்டா? பத்திரிகைக்காரன் ஒருத்தன் உண்டா? சட்டமன்ற உறுப்பினர் கையால பம்படிச்சு கொடம் நெறக்காருன்னா நாளைக்கு எவன் மதிப்பான்? அன்னைக்கு ராஜ்தூத்துல பின்னால ஒக்காந்துக்கிட்டே முடிவு பண்ணுனேன், இந்த மனுசன நாமதான் ஒழுங்குபடுத்தணும்னு.

ஒழுங்குபடுத்த எனக்கு ரெண்டு எலக்சன் ஆச்சு. லேசுப்பட்ட மனுசன் இல்ல. கார்ல போவம்னா 'வண்டி என்னடே பாவம் பண்ணுச்சு'ம்பாக. மொதல்ல கார். பொறவு கொடி கட்டுன கார் முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. பொறவு மேளம், வெடி, மேடை, ஆளுயர மாலை. கடைசியா நேரம். நேரத்துக்குப் போகவே கூடாதுன்னு நான் கண்டிப்பாச் சொல்லிட்டேன். நேரத்துக்கு வாரவன் தபால்காரன். தலைவன்னா ஊரு காத்துக்கெடக்கணும். கல்யாண வீட்டுல மாப்பிள தாலியக் கையில வச்சுக்கிட்டு வாசலப் பாக்கணும். ஒரு வீட்டுல முகூர்த்தம் தவறுதுன்னு நாங்க போறதுக்கு முந்தி தாலியக் கட்டிட்டான். போய் எறங்குதோம், பந்தி நடக்கு! அண்ணாச்சி கூச்சமே இல்லாம எல போட்டு ஒக்காந்து 'பாயசம் நல்லாருக்குடே'ங்காக. அந்தக் குடும்பத்துக்கு அதுக்குப் பொறவு நான் தேதியே குடுக்கல. பால்காய்ப்புக்கு வந்து கேட்டான். தெருவுல நிக்க வச்சு அனுப்பினேன்.

சரி, நிழற்குடைக்கு வாரேன். போன மார்கழிக்கு முந்துன மார்கழியில கட்டி முடிச்சான். அதுக்கு முந்தி இங்கன ஒரு வேப்பமரம் நின்னுச்சு, கட்டடத்துக்கு எடம் காணாதுன்னு வெட்டியாச்சு. இந்த ஊர்க்காரன் எங்க போகணும்னாலும் இங்கனதான் வந்து நிக்கணும். ஆஸ்பத்திரின்னாலும் ரேசன்னாலும் பள்ளிக்கூடம்னாலும் இந்த எடந்தான். கட்டி முடிச்ச அன்னைக்கே தேதி கேட்டு வந்துட்டான் முண்டசாமி. மார்கழி ஆகுமா தம்பி? நீங்களே சொல்லுங்க. தையில வாடேன்னேன்.

தையில ஒரே கல்யாணம். மாசியில கட்சி மாநாடு. பங்குனியில உத்திரத்துக்கு ஊரே சாஸ்தா கோயிலுக்குப் போயிரும், கூட்டம் சேராது. சித்திரையில வெயிலு. தெறப்பு விழான்னா சனம் ஒரு மணி நேரமாவது நிக்கணும்லா, இந்த வெயில்ல எப்படி நிக்கும்? வைகாசி மறுபடியும் முகூர்த்த மாசம். ஆனியில அண்ணாச்சிக்குக் குத்தாலத்துல எண்ணெய்க் குளியல், வைத்தியர் சொல்லிருக்காரு. ஆடி ஆகவே ஆகாது. ஆவணியில நாள் இருந்துச்சு, ஆனா தட்டார்குளம் தண்ணித் தொட்டி, மேலூர் நூலகம், ரேசன் கடை எல்லாத்தையும் சேத்து ஒரே நாள்ல பெருசா வைப்போம்னு நெனச்சேன். தொட்டிக்குப் பெயிண்டு காயல. புரட்டாசியில பாதிப் பேரு தசராவுக்கு மாலை போட்டு வேசங்கட்டிட்டுப் போயிட்டான். ஐப்பசி கார்த்திகை மழை. மழை பெஞ்சா வந்த கூட்டம் எங்க ஒதுங்கும்? ஒதுங்க ஒரு எடம் உண்டா இங்கன? அப்படியே திரும்பவும் மார்கழி வந்துட்டு. வருசத்துல நல்ல நாள் எவ்வளவு கொறச்சல்னு தேதி குடுத்துப் பாத்தவனுக்குத்தான் தெரியும்.

இந்த மூதிக ஒரு வருசம் பொறுக்கப்படாதா? முண்டசாமி அதுக்குள்ள எத்தன தடவ வந்தான் தெரியுமா? அவனுக்குக் கால்ல சர்க்கரைப் புண்ணு. கட்டு மாத்த பெரியாஸ்பத்திரிக்குப் போகணும், இந்த பஸ்ஸுதான். ஒத்தக் கால ஊனிக்கிட்டு வெயில்ல நிக்கான். ஒரு நாள் எங்கிட்ட வந்து சொல்லுதான், 'ஏல சொரிமுத்து, நாங்க சும்மா உள்ள ஒக்காந்துக்கிடுதோம்டே. அண்ணாச்சி வாரன்னைக்கு எந்திச்சு வெளிய வந்துருதோம். அவுக தெறக்கட்டும், பொறவு திரும்பப் போய் ஒக்காந்துக்கிடுதோம்.'

எப்படிப் பேச்சு பாத்தியளா? ஊரே ஒக்காந்து எந்திச்ச எடத்த அண்ணாச்சி தெறக்கணுமாம்! எச்சித் தட்டுல சாமிக்குப் படையல் வைக்குத கதையா இல்ல இருக்கு! 'நீ அண்ணாச்சியத் தூக்கிச் சொமந்தவன்டே, நீயே இப்படிப் பேசலாமா'ன்னு கேட்டேன். அவன் மொகத்த மட்டும் தொடச்சுக்கிட்டுப் போனான்.

அடுத்த நாளு வந்து பாக்கேன், நாலு பேரு உள்ள ஒக்காந்திருக்கான். ரிப்பன் கட்டி வச்சிருந்தேன், அத ஆடு தின்னுட்டு. எனக்கு ஆவேசம் வந்துட்டு. ஆளக் கூப்பிட்டு ஒடமுள்ளு வெட்டிட்டு வரச்சொல்லி, வாசல அடைச்சுப் போட்டேன். நல்லா நெருக்கி, கோழிக்குஞ்சு நுழையாம. தட்டார்குளத் தொட்டிக் குழாய்க்கும் போட்டேன். மேலூர் நூலகத்துக்கும் போட்டேன். அண்ணாச்சி செஞ்ச சாதனை ஒண்ணா ரெண்டா! ஒவ்வொண்ணையும் முள்ளு போட்டுப் பத்திரமா வச்சிருந்தேன் தம்பி. பொறவு ஒரு நாளு கார்ல போகையில பாக்கேன், முண்டசாமி அந்த முள்ளு நெழல்லயே தரையில ஒக்காந்திருக்கான், கட்டுப் போட்ட கால நீட்டிக்கிட்டு. ஏன், அதுவும் நெழல்தானே.

அன்னைக்கு அண்ணாச்சி காருக்குள்ள அசந்து தூங்கிட்டு வந்தாக. எழுப்ப மனசு வரல. ஆனா இன்னொரு நாளு முழிச்சிருந்தாக. 'ஏடே சொரிமுத்து, நம்ம செவக்காட்டு நிழற்குடை முடிஞ்சிட்டாம்லா. போற வழிதான. எறங்கி ஒரு நிமிசம் ஒக்காந்துட்டுப் போவோம். தெறந்த மாதிரியும் ஆச்சு'ன்னாக. நான் விடல. 'அண்ணாச்சி, இது என்ன டீக்கடையா, எறங்கி ஒக்காந்துட்டுப் போக'ன்னேன். டிரைவர வேற வழியா ஓட்டச் சொன்னேன். அதுலேர்ந்து செவக்காட்டு வழியா கார் போகாம பாத்துக்கிட்டேன். அவுக குணம் தெரியும்லா, எங்கயாவது பழையபடி பம்படிக்க எறங்கிருவாக.

தையில கடைசியா ஒரு பெரிய தேதி வச்சேன். மாசி பத்துக்கு மேல, எல்லாக் கட்டடமும் ஒரே நாளு, அமைச்சரு வேற வாராருன்னு பேச்சு. நோட்டீசு அடிக்கக் குடுத்தாச்சு. அதுக்குள்ள எலக்சன் அறிவிச்சுட்டான். நடத்தை விதின்னு ஒண்ணு வந்துருமுல்லா, எதையும் தெறக்கப்படாது. அதிகாரிக வண்டி போட்டு, தலைவர் பேரு எங்கெங்க இருக்கோ எல்லாத்தையும் மறைச்சுட்டு வாராக. இங்க வந்து பாத்தாரு ஒரு ஆபீசரு. கல்லு மூடியிருக்கு, வாசலும் அடைச்சிருக்கு. 'எல்லாரும் இப்படி ஒத்துழைச்சா எங்களுக்கு வேலயே இல்ல'ன்னு என் கையப் புடிச்சுக் குலுக்கிட்டுப் போனாரு. சட்டத்த மதிக்கதுல எங்கள மிஞ்ச முடியாது.

எதிர்த்து நின்னது யாருன்னு நெனைக்கிய? ஒரு தையல் டீச்சரு. எஸ்தர் செல்லக்கனின்னு பேரு. தட்டார்குளத்துல பொம்பளப் பிள்ளைகளுக்கு மிசின் தைக்கக் கத்துக் குடுத்துக்கிட்டிருந்துச்சு. காரு இல்ல. பஸ்ஸுல போயி பஸ் ஸ்டாப்புல எறங்கி அங்கன நிக்க சனத்துக்கிட்டப் பேசும், அடுத்த பஸ்ஸுல ஏறிப் போயிரும். நாங்க சிரிச்சோம். அது குடுத்த வாக்குறுதியக் கேளுங்க. 'நான் எதையும் தெறந்து வைக்க வரமாட்டேன். முள்ள மட்டும் எடுத்துப் போட்டுருதேன்.' இதுதான் வாக்குறுதி! ஒரு பாலம் கட்டுதேன்னு சொல்லுதியா, ஒரு காலேசு கொண்டாரேன்னு சொல்லுதியா? முள்ளு எடுக்க எதுக்குத்தாயி எம்மெல்லே, ஒரு கவக்கம்பு போதாதான்னு நான் மேடையிலயே கேட்டேன். எல்லாரும் கைதட்டுனான். எதுக்குத் தட்டுனான்னு இப்பத்தான் யோசிக்கேன்.

பிரச்சாரத்துக்கு இந்த ஊருக்கு வந்த நாளு மறக்க முடியாது தம்பி. சித்திரையில திடீர்னு கோடமழை. தெறந்த ஜீப்புல அண்ணாச்சி நிக்காக, நான் குடை புடிச்சிருக்கேன். வளைவுல திரும்புனா இங்கன ஊரே கூடி நிக்கு. ஆம்பள, பொம்பள, கைப்பிள்ள. ஒருத்தன் கையிலயும் குடை இல்ல. கொட்டுத மழையில தெப்பமா நனைஞ்சுக்கிட்டு வரிசையா நிக்காக. பின்னால நிழற்குடை, முன்னால முள்ளு. முண்டசாமி முன்வரிசையில, கால்ல பாலித்தீன் பையக் கட்டிக்கிட்டு நிக்கான்.

அண்ணாச்சி மைக்கப் புடிச்சு, 'ஏன்டே முண்டசாமி, பிள்ளைகளோட இப்படி நனையுதிய, உள்ள ஒதுங்கப்படாதா'ன்னு கேட்டாக. முண்டசாமி கும்பிட்டுட்டுச் சொன்னான், 'அண்ணாச்சி இன்னும் தெறக்கலைல்லா.' ரொம்பத் தணிஞ்ச கொரல்லதான் சொன்னான். மைக்கு பக்கத்துல இருந்ததால ஊருக்கே கேட்டுச்சு. கூட்டத்துல ஆரத்தி இல்ல, கோசம் இல்ல. எல்லாரும் அண்ணாச்சியவே பாக்காக.

எனக்குப் புல்லரிச்சிட்டு. பாத்தியளா மரியாதைய! பச்சப்புள்ளக்காரி நனையுதா, ஆனாலும் அண்ணாச்சி தெறக்காத எடத்துக்குள்ள ஒருத்தி காலு வைக்கல. இந்தக் காலத்துல எந்தத் தலைவனுக்குக் கெடைக்கும் இது? 'செவக்காடு முழுசா நமக்குத்தான்'ன்னு அண்ணாச்சி காதுல சொன்னேன். அவுக மைக்கக் கீழ வச்சிட்டாக. ஜீப்பு ஊரத் தாண்டுன பொறவு கேட்டாக.

'யாருடே அந்த முள்ள வெட்டிப் போட்டது?'

'நாந்தான் அண்ணாச்சி. பத்திரமா இருக்கட்டும்னு.'

தோள்ல கெடந்த ஈரத் துண்டப் புழிஞ்சாக. பொறவு 'நல்ல காரியம் பண்ணுனடே'ன்னாக. இருபத்தஞ்சு வருசத்துல அவுக வாயால நான் வாங்குன மொதப் பாராட்டு அது. வீட்டுக்குப் போயி எம்பொண்டாட்டிகிட்டச் சொன்னேன். அவ தலையில அடிச்சுக்கிட்டா. அவளுக்கு அரசியல் தெரியாது.

ஓட்டு எண்ணிக்கை அன்னைக்கு அண்ணாச்சி ஒரு தடவ கூட மொத்தம் எவ்வளவுன்னு கேக்கல. 'செவக்காட்டுப் பூத்து பிரிச்சாச்சா'ன்னு மட்டுந்தான் கேட்டுக்கிட்டிருந்தாக. பிரிச்சாக. விரல் மடக்கி எண்ணிரலாம், அம்புட்டுதான் விழுந்திருந்துச்சு. 'முண்டசாமி கூடவாடே?'ன்னாக. அது ரகசிய ஓட்டு, யாருக்குத் தெரியும்னு சொன்னேன். 'எனக்குத் தெரியும்'ன்னாக. எந்திச்சு, யாருகிட்டயும் சொல்லாம, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் குழாயில மொகத்தக் கழுவிக்கிட்டு வெளிய போயிட்டாக. தொகுதி போனதுக்குக் கலங்காத மனுசன், அந்த ஒத்த ஓட்டுக்குக் கலங்கிட்டாக. அவுக கலங்கி நான் பாத்ததே இல்ல.

ஏன் தோத்தோம்னு விசாரிக்கத் தலைமையிலேர்ந்து மூணு பேரு வந்தாக. நான் எல்லாத்தையும் விவரமா எடுத்துச் சொன்னேன். கூட்டணிக்காரன் வேல பாக்கல. சாதி ஓட்டு பிரிஞ்சிட்டு. தேர்தல் ஆபீசு வாசல் தெக்குப் பாத்து இருந்துச்சு. ரிப்பன ஆடு தின்னது அபசகுனம், அதயும் சொன்னேன். அதுல ஒருத்தன் சின்னப் பையன், 'ஆடு எதுக்கு ரிப்பனைத் தின்னுச்சு, அவ்வளவு நாளா அது அங்கயேவா கெடந்துச்சு'ன்னு கேட்டான். ஆட்டுக்கிட்டப் போயிக் கேளுன்னுட்டேன்.

அந்தம்மா ஜெயிச்ச மறுநாளே ஊர்க்காரனுக முள்ள இழுத்துப் போட்டுட்டானுக. அந்தம்மா வந்ததா? வரல. வந்து நம்ம கல்ல ஒடச்சிட்டு அது பேருல ஒரு கல்லு வச்சிருந்தா அது முறை. நாங்க ஜெயிச்சப்ப பழைய ஆளு கல்ல அப்படித்தான் எடுத்தோம். இது கண்டுக்கவே இல்ல தம்பி! போற வழியில பஸ்ஸுக்கு நின்னப்ப இங்கன ஒக்காந்து வேர்க்கடலை தின்னுட்டுப் போச்சாம். எம்மெல்லே! எனக்கு அதுதான் தாங்கல. எங்களத் தோக்கடிச்சதக் கூடப் பொறுத்துக்கிடலாம்.

இன்னைக்கு அண்ணாச்சி எதுக்கு வாராகன்னா, முண்டசாமி போன வாரம் செத்துப்போயிட்டான். கால் புண்ணு ஏறிட்டு. அண்ணாச்சி அப்பம் மதுரையில கண்ணுக்கு ஆப்ரேசன் பண்ணிப் படுத்திருந்தாக. நேத்துத்தான் ஊருக்கு வந்தாக. வந்ததும் 'நாளைக்குச் செவக்காட்டுக்குத் துட்டி விசாரிக்கப் போறேன்'ன்னாக. நாளைக்குச் செவ்வாக்கெழமை, துட்டிக்குப் போகப்படாது, நான் நல்ல தேதி பாத்துச் சொல்லுதேன்னேன். 'நீ ஒண்ணும் பாக்க வேண்டாம்டே'ன்னுட்டாக. மொதத் தடவையா அவுக தேதிய அவுகளே எடுத்துக்கிட்டாக. காரு? அதெல்லாம் கட்சிக்காரன் காரு தம்பி, ரிசல்ட்டு வந்த அன்னைக்கே ஒவ்வொண்ணாத் திரும்பிப் போயிட்டு. முன்னாள் உறுப்பினருக்கு பஸ்ஸுல இலவச பாஸு உண்டு. அதுல வாராக. அஞ்சு தடவ ஜெயிச்ச மனுசன்கிட்ட கண்டக்டரு பாஸ எடுன்னு கேக்கானாம். கேட்டா 'அவன் வேலயப் பாக்கான்'ங்காக.

அதான் நான் முந்தியே வந்து நிக்கேன். ஒரு சோடா, ஒரு துண்டு, இந்தக் குடை. மாலைக்கு ஆளு இல்ல. துட்டி வீட்டுக்கு வாரவுகளுக்கு மாலை போடவும் கூடாது, அது வேற.

அந்தா, ஆரன் சத்தம். வண்டிதான். எந்திரிங்க தம்பி, பையப் பாத்து எடுங்க. நான் முன்னால போறேன், அண்ணாச்சிக்கு அந்த முன்படி கொஞ்சம் ஒசரம்.

அண்ணாச்சி! இந்தா, இந்தப் பக்கம், கையப் புடிச்சுக்கோங்க. கண்ணுல தண்ணி படக்கூடாது, குடைக்குள்ள வாங்க. முண்டசாமி வீட்டுக்கு இப்படிப் போகணும், தெரு... அண்ணாச்சி, எங்க போறிய? அங்க போகாதிய, அது இன்னும்... மேளத்துக்குச் சொல்லலையே! அண்ணாச்சி!

போயிட்டாக தம்பி. உள்ள போயிட்டாக. பாருங்க, ஆட்டுக்குப் பக்கத்துல ஒக்காந்துட்டாக. என்ன சொல்லுதாக? 'மழை விடட்டும்டே, ஈரத்தோட அழுத வீட்டுக்குப் போகவேண்டாம். நீ ஏன் வெளிய நிக்க, வா'ங்காக. எப்படி வர? அண்ணாச்சி, துண்டு எங்கிட்ட இருக்கு, தலைய நான் தொவட்டுதேன், அந்தத் துணிய... அத இழுக்காதிய! ஐயோ, அது கல்வெட்டுத் துணி!

எடுத்துட்டாக. எடுத்து தலையத் தொவட்டுதாக, தம்பி. மஞ்சத்துணியில.

ஏறிட்டியளா? சன்னல் பக்கம் ஒக்காருங்க, தலைய இப்படி நீட்டுங்க. கண்டக்டர் தம்பி, ஒரு நிமிசம் விசில் அடிக்காத. செவ்வாக்கெழமை மூணு மணிக்கு மேல, சுத்தமான ராகு காலம், அதுக்கு நான் என்ன செய்ய? கல்லு தெரியுதுல்லா அங்கயிருந்து? அண்ணாச்சி பேரு தெரியுதா? தெறந்தாச்சு தம்பி, தெறந்தாச்சு! கையத் தட்டுங்க, சும்மா ரெண்டு தட்டு. கூட்டத்துல ஒரு ஆளாவது தட்டணும்லா. அம்புட்டுப் போதும். நல்லாருப்பிய.

இருங்க அண்ணாச்சி, வாரேன், உள்ளதான் வாரேன். கொத்தனாரு கேப்பான், வெட்டணும்லா, ஒரு நிமிசம். தம்பி, இன்னைக்கு என்ன தேதி?